திட்டமிட்டு வாங்குவோம்

1972ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தனது முதல் தொழிற்சாலையைப் பினாங்கில் தொடங்கியது. கணினிச் சில்லுகளுக்குப் பெயர்பெற்ற இம்மாநிலத்தின் தலைநகர் ஜார்ஜ்டவுனில், பாகங்களைத் தனித்தனியே வாங்கி மேசைக் கணினியை அமைத்துக்கொள்வோர் உள்ளனர்.

முதலில், கணினியின் பயன்பாட்டை முடிவு செய்ய வேண்டும். பாட வேலைகளுக்கு வரைகலை வசதியுள்ள செயலியே போதும். காணொளித் தொகுப்புக்குத் தனி வரைகலை அட்டை உதவும். செயலியும் நினைவகமும் தாய்ப்பலகைக்குப் பொருந்த வேண்டும். எடுத்துக்காட்டாக, டிடிஆர்4 நினைவகத்திற்கான தாய்ப்பலகையில் டிடிஆர்5 நினைவகத்தைப் பொருத்த இயலாது. மின்வழங்கியில் சிக்கனம் கூடாது. தரமற்ற மின்வழங்கி மற்றப் பாகங்களையும் பழுதாக்கலாம்.

புதிய தலைமுறைச் செயலி விற்பனைக்கு வந்தால், முந்தையதன் விலை பெரும்பாலும் குறையும். அக்காலத்திற்குக் காத்திருப்பது நன்று. ஆனால், மாதத்திற்கு ஒரு பாகமாக வாங்கிச் சேர்ப்பது நன்றன்று. முக்கியப் பாகங்கள் அனைத்தும் கிடைத்த பிறகே கணினியை இயக்கிச் சோதிக்க முடியும். உத்தரவாதக் காலமோ வாங்கிய நாளிலிருந்தே தொடங்கிவிடும். முதலில் வாங்கிய பாகத்தின் குறை தெரிய வரும்போது, கடையில் மாற்றித் தரும் கெடு முடிந்திருக்கலாம்.

எனவே, சிறுகச் சிறுகச் சேர்க்க வேண்டியது பணத்தையே, பாகங்களை அன்று.