நிலம் நடுங்கிய பின் ஒரு துறையின் கடமை

நிலநடுக்கம் வரும் நாளை முன்கூட்டி உரைக்க நம்மால் இயலாது. ஆயின், நடுக்கம் நின்றதும் யார் எதைச் செய்வது என்பதை முன்னரே வகுத்துக்கொள்ள இயலும்.

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் காண்டர்பரிப் பல்கலைக்கழகம் உள்ளது. 2010 செப்டம்பர் 4, சனிக்கிழமை விடியுமுன், அப்பகுதியை 7.1 அளவுள்ள நடுக்கம் உலுக்கியது. வகுப்பறைகள் வெறுமையாயிருந்தன, நூலகத்தில் நூல்கள் சரிந்தன. 2011 பிப்ரவரி 22 அன்று 6.3 அளவே உள்ள மற்றொன்று, நகருக்கு மிக அருகில், ஆழமின்றித் தோன்றியது. வேளையோ நண்பகல். நகரிலும் சுற்றுப்புறத்திலும் 185 பேர் மாண்டனர்.

பல்கலைக்கழகம் மூடப்பட்டது. பின்னர்க் கட்டடங்கள் சோதிக்கப்பட்டுவந்த காலத்தில் கூடாரங்களில் வகுப்புகள் நடந்தன. மாணவர்கள் மண்வாரியேந்தி, நிலம் கக்கிய சேற்றைத் தெருத்தெருவாக அள்ளினர்.

இத்தகைய வேளையில் ஒரு துறைக்கு வேண்டுவது வரிசைமுறை என்பேன். முதலாவது உயிர்: கூடுமிடமும் பெயர்ப்பட்டியலும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். இரண்டாவது காவல்: ஆய்வுக்கூடத்தில் எரிவாயு எங்கே, அமிலம் எங்கே என்றறிந்தவர் மீட்புப் படையினர்க்கு வழிகாட்ட வேண்டும், சோதனை முடியுமுன் எவரும் உள்ளே புகலாகாது. மூன்றாவது ஆய்வேடு, நான்காவது பாடம்.

பல்லாண்டு உழைப்பைக் காக்க, ஆடும் கட்டடத்துள் ஓட மனம் துடிக்கும். அதன் படியொன்று வேறிடத்தில் இருப்பின், ஓடவேண்டிய தேவையே எழாது. இதற்காகவே அமைதியான நாளில் திட்டமிட வேண்டும் என்கிறேன்.

துறைத்தலைவர் வெளியூர் சென்றிருந்தால் பெயர்ப்பட்டியல் யார் கையில் இருக்கும்? இக்கேள்வியை நாளை உங்கள் துறையில் கேட்டுப் பாருங்கள்.