ஒரு சாவி, 32 அறைகள்

டிஸ்க்கைப் பூட்டி வைத்த லினக்ஸ் லேப்டாப், ஆன் செய்ததும் பாஸ்வேர்ட் கேட்கிறது. தட்டினால் ஓரிரு நொடி யோசித்துவிட்டு உள்ளே விடுகிறது. அந்த பாஸ்வேர்டை வைத்துத்தான் டிஸ்க் முழுவதையும் பூட்டியிருக்கிறார்கள் என்று நானும் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

டிஸ்க்கைப் பூட்டும் சாவி வேறு. முதலில் பூட்டுப் போடும்போது கணினியே கண்ணை மூடிக்கொண்டு உருட்டிப் போடும் எண் அது. வழக்கமாக 512 பிட். அந்தச் சாவி இருக்கும் சின்ன அறையைத்தான் நம் பாஸ்வேர்ட் பூட்டுகிறது. அறையின் பெயர் கீ ஸ்லாட். கிளெமென்ஸ் ஃப்ருவிர்த் 2004-ல் வகுத்த லக்ஸ் முறையில் (சோப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) 8 அறைகள். இன்றைய லக்ஸ்2-ல் 32 வரை. எல்லாவற்றிலும் அதே சாவிதான், பூட்டு மட்டும் வேறு. ஓர் அறை உங்களுக்கு, இன்னொன்று அலுவலக நிர்வாகிக்கு, மற்றொன்று தாளில் எழுதி பீரோவில் வைத்த நீண்ட சொல்லுக்கு. பாஸ்வேர்ட் மாற்றும்போது ஒரு டெராபைட்டைத் திருப்பி எழுத வேண்டியதில்லை, அறைப் பூட்டை மாற்றினால் போதும்.

அறைக்குள் சாவி அப்படியே கிடப்பதில்லை. 64 பைட் சாவியை 4,000 மடங்காக்கி, சுமார் 250 கிலோபைட்டுக்குப் பரப்பி வைக்கிறார்கள். எதற்கு இந்த ஊதாரித்தனம்? பழுதாகும் இடத்தை டிஸ்க் சத்தமில்லாமல் கைவிட்டு, அங்கிருந்ததை வேறிடத்துக்கு நகலெடுத்துக்கொள்ளும். அழித்துவிட்டோம் என்று நினைத்தது அந்த மூலையில் உயிரோடு இருக்கும். 64 பைட் அப்படித் தப்பலாம். 250 கிலோபைட்டும் சிந்தாமல் தப்புவது அரிது. அதில் ஒரு பிட் கெட்டாலும் சாவி திரும்பாது. மறப்பதற்கென்றே இவ்வளவு மெனக்கெட்ட ஏற்பாட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்த ஓரிரு நொடித் தாமதமும் வேண்டுமென்றே வைத்ததுதான். லக்ஸ்2-ல் பாஸ்வேர்டை அறைப் பூட்டுக்கான சாவியாக மாற்றித் தருவது, 2015-ல் பாஸ்வேர்ட் ஹாஷிங் போட்டியில் வென்ற ஆர்கான்2. அது ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு ஜிபி வரை நினைவகத்தைத் தின்னும். கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்ப்பவனுக்கு அது கட்டுப்படியாகாது.

அறையை மாற்றும்போது புதியதைச் சேர்த்து, அதைக்கொண்டு ஒருமுறை திறந்து பார்த்த பிறகே பழையதைக் கொல்ல வேண்டும். கடைசி அறையில் கை வைத்தால், லக்ஸைக் கையாளும் கருவியான கிரிப்ட்செட்டப் எச்சரிக்கும். மீறினால், அறைகளின் பிரதி கையில் இல்லாவிட்டால், தரவு போனது போனதுதான்.

அறைகள் இருக்கும் டிஸ்க்கின் முன்பகுதிக்கு ஹெட்டர் என்று பெயர். என்றைக்கோ பென்டிரைவில் எடுத்து வைத்த ஹெட்டர் பிரதியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். நீங்கள் கொன்ற அறை அதில் அப்படியே இருக்கும். பழைய பாஸ்வேர்டும் அதைத் திறக்கும், உள்ளே அதே சாவி. அந்தப் பிரதி வேறு யார் கைக்காவது போயிருந்தால் சாவியையே மாற்ற வேண்டியதுதான். அப்போது அந்த ஒரு டெராபைட்டையும் உட்கார்ந்து திருப்பி எழுதியாக வேண்டும்.