சந்துப் பல்லுக்குப் பொருத்தமாக 'பிரிட்ஜ்' கட்டலாம்!

ஓசூர் சிப்காட்டுக்கு பைக்கில் போனவர் விழுந்து முன்பல் ஒன்று போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு ஏற்கெனவே பல்லுக்குப் பல் சந்து. சாதாரண 'பிரிட்ஜ்' கட்டினால் சந்தெல்லாம் அடைபட்டு, புதுப்பல் மண்வெட்டி மாதிரி அகலமாகத் தெரியும். 'இது என் சிரிப்பே இல்லையே டாக்டர்!' என்பார்.

வழி இருக்கிறது. மேலண்ணப் பக்கமாக மெல்லிய உலோக வளையம் கொடுத்துச் செயற்கைப் பல்லை இணைத்தால், சந்து அப்படியே இருக்கும். கொஞ்ச நாள் பேச்சு குழறலாம். வளையத்துக்கு அடியில் தினமும் சுத்தம் செய்யணும். சந்தே வேண்டாமென்றால் முதலில் கம்பி போட்டு நெருக்கலாம், மாதக்கணக்காகும்.

கிருஷ்ணகிரிக்காரர்கள் பலருக்கு ஃப்ளோரைடு தண்ணீரால் பழுப்புக் கறை வேறு. 2013-ல் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்தாலும், சின்ன வயதில் விழுந்த கறை போகாது. பளீர் வெள்ளையில் பல் கட்டினால் தனியாகத் துருத்தும். பக்கத்துப் பல்லின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிடச் சொல்லுங்க. பழைய கல்யாண போட்டோ இருந்தால் எடுத்துட்டுப் போங்க.