பின்மூடியில் ஒரு பொத்தான்

வடகிழக்குப் பருவமழை மிரட்டத் தொடங்கினால் சென்னை கே.கே. நகர் வீடுகளில் பரணிலிருந்து கீழே இறங்கும் முதல் சாமான் டார்ச் லைட். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு ஜாஃபர்கான்பேட்டை, எம்.ஜி.ஆர். நகர்ப் பக்கம் வீடுகளுக்குள் புகுந்தது. அடுத்த ஆண்டு டிசம்பர் 12 அன்று வர்தா புயல் மரங்களைச் சாய்த்து மின்கம்பிகளை அறுத்துப் போட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம். இருட்டில் இரவைக் கழிப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. செல்போனிலும் வெளிச்சம் உண்டுதான். ஆனால், கரன்ட் எப்போது வரும் என்று தெரியாத ராத்திரியில் போன் சார்ஜை வெளிச்சத்துக்குச் செலவழிக்க யாருக்கு மனம் வரும்?

இறக்கிய டார்ச் எரியாது. புதுப் பேட்டரிக் கட்டை போட்டாலும் எரியாது. உள்ளங்கையில் ரெண்டு தட்டு தட்டினால் மினுக்கென்று ஒரு வெளிச்சம், மறுபடி இருட்டு. தட்டினால் மின்னுகிறது என்றாலே கட்டையும் பல்பும் நலம், நடுவில் எங்கோ தொடர்பு விட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த ‘எங்கோ’ பெரும்பாலும் சுவிட்ச்தான். குப்பைக்குப் போகும் டார்ச்சுகளில் பலவற்றை ஒரு சுவிட்ச் மாற்றினால் பிழைக்க வைக்கலாம். அதை வீட்டிலேயே செய்யலாம்.

டார்ச்சின் வரலாறே சுவிட்ச்சில்தான் தொடங்குகிறது. டேவிட் மிசெல் வடிவமைத்த குழாய் டார்ச்சுக்கு அமெரிக்காவில் 1899 ஜனவரி 10 அன்று காப்புரிமை கிடைத்தது. அதில் விரலால் அழுத்திப் பிடித்தால் எரியும், விட்டால் அணையும். அந்தக் காலக் கட்டைகளுக்குத் தொடர்ந்து எரிக்கிற தெம்பு கிடையாது. அந்த டார்ச்சை விற்ற நியூயார்க் கம்பெனிதான் பிற்பாடு எவரெடி என்ற பெயரில் உலகம் சுற்றியது. இந்தியாவில் 1994 வரை யூனியன் கார்பைடு வசம் இருந்த எவரெடிக்கு, நம்ம திருவொற்றியூரிலேயே பேட்டரித் தொழிற்சாலை இருந்தது.

வயிற்றுப் பகுதியில் முன்னே தள்ளும் சுவிட்ச் வைத்த ரெண்டு கட்டை, மூணு கட்டை டார்ச்சுகள் இன்னும் பல வீடுகளில் உண்டு. அவற்றின் உள்ளே இருப்பது ஒரு பித்தளைப் பட்டை, அவ்வளவுதான். தள்ளினால் பட்டை போய் ஒட்டும், சுற்று முழுமையாகும். கட்டை கசிந்தால் முதலில் களிம்பு ஏறுவது இந்தப் பட்டையில்தான். உப்புத்தாளால் நாலு இழுப்பு இழுத்தால் பல நேரம் உயிர் வந்துவிடும்.

இப்போது வரும் அலுமினிய எல்.இ.டி. டார்ச்சுகளில் சுவிட்ச் பெரும்பாலும் பின்மூடிக்குப் போய்விட்டது. அந்த இடத்துக்கு ஒரு நியாயம் உண்டு. இந்த டார்ச்சில் உடம்பே ஒரு கம்பி. கட்டையின் பாசிட்டிவ் முனை முன்னால் விளக்கைத் தொடும். நெகட்டிவ் முனை பின்னால் ஸ்பிரிங்கில் அமரும். அங்கிருந்து கரன்ட் அலுமினியக் குழாய் வழியாகவே விளக்குக்குத் திரும்பும். அந்தத் திரும்பும் பாதையை ஸ்பிரிங்குக்கும் குழாய்க்கும் நடுவே வெட்டினால், அதுதான் பின்பக்க சுவிட்ச்.

புதிதாகக் கைவைப்பவருக்கும் இதில் ஓர் அனுகூலம் இருக்கிறது. பின்மூடியில் ஸ்பிரிங் தவறிப்போய் உடம்பைத் தொட்டுவிட்டால் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். அதற்கு மேல் விபரீதம் இல்லை. பாசிட்டிவ் முனை உடம்பைத் தொட்டால்தான் ஷார்ட். லித்தியம் கட்டையில் ஷார்ட் என்றால் தீ வரைக்கும் போகும். அதனால் பிளாஸ்டிக் உறை கிழிந்த லித்தியம் கட்டையை, அதுவும் பாசிட்டிவ் விளிம்பில் கிழிந்ததை, டார்ச்சுக்குள் விடவே கூடாது. கட்டையின் மேல் நேரடியாக ஈயம் வைப்பதும் ஆகாது.

செய்முறைக்குத் தேவை கொஞ்சம்தான். செம்பு பூசிய சர்க்யூட் போர்டுத் துண்டு ஒன்று, அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் சின்ன பொத்தான் சுவிட்ச், ஒரு ஸ்பிரிங், சால்டரிங் கம்பி. போர்டைப் பின்மூடிக்குள் சரியாக உட்காரும் வட்டமாக அரத்தால் ராவ வேண்டும். செம்பு இருக்கும் பக்கத்தில், விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி, கத்தி முனையால் செம்பைச் சுரண்டி ஒரு வட்டப் பள்ளம் எடுத்தால் நடுவில் ஒரு பொட்டும் வெளியே ஒரு வளையமுமாகச் செம்பு பிரிந்துவிடும். பொட்டில் ஸ்பிரிங்கைப் பற்றவைக்க வேண்டும். சுவிட்ச் போர்டின் மறுபக்கம். அதன் ஒரு கால் ஓட்டை வழியாகப் பொட்டுக்கு, இன்னொரு கால் வளையத்துக்கு. மூடியைத் திருகினால் குழாயின் விளிம்பு வளையத்தில் அழுந்தும்.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்வார்கள். அலுமினியத்துக்குக் கறுப்பு, நீலம் என்று நிறம் ஏற்றும் அனோடைஸ் பூச்சு கரன்டைக் கடத்தாது. வளையத்தைத் தொடும் விளிம்பில் பூச்சு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து உலோகம் பளிச்சென்று தெரியும்வரை எடுக்க வேண்டும்.

அடுத்து, தடை. பழைய ரெண்டு கட்டை டார்ச் பல்பு இழுப்பது 0.3 ஆம்பியர் அளவுதான். சுவிட்ச்சில் 0.1 ஓம் தடை இருந்தாலும் இழப்பு 0.03 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. 2 ஆம்பியர் இழுக்கும் எல்.இ.டி. டார்ச்சில் அதே தடை 0.2 வோல்ட்டை விழுங்கி 0.4 வாட் சூடாக்கும். லித்தியம் கட்டை முழு சார்ஜில் 4.2 வோல்ட் தரும். அது வடிய வடிய ஒவ்வொரு பத்தில் ஒரு பங்கு வோல்ட்டும் வெளிச்சத்தில் தெரியும். மெல்லிய எஃகு ஸ்பிரிங்கும் தன் பங்குக்குத் தடை கொடுக்கும். அதனால் கைதேர்ந்தவர்கள் ஸ்பிரிங்கின் நடுவே ஒரு நெளியும் செம்புக் கம்பியை ஓடவிட்டு இரு முனையிலும் பற்றவைக்கிறார்கள். கரன்ட் கம்பி வழியாகப் போகும். ஸ்பிரிங்குக்கு அழுத்துகிற வேலை மட்டும்.

சுவிட்ச்சின் தடையைச் சோதிக்க மல்டிமீட்டரை ஓமில் வைத்தால் ஏமாற்றும். மீட்டரின் ஒயர்களுக்கே கொஞ்சம் தடை உண்டு. மூடியைக் கழற்றி, கட்டையின் நெகட்டிவ் முனையையும் குழாயையும் சுவிட்ச்சின் இரு காலோடு ஒயரால் இணைத்து, விளக்கை எரியவிட்டு, கால்களின் குறுக்கே மில்லிவோல்ட் பார்ப்பதே சரி. 1 ஆம்பியர் ஓடும்போது 50 மில்லிவோல்ட் காட்டினால் தடை 0.05 ஓம்.

பொத்தானிலும் ரெண்டு ஜாதி. ஒன்று, பாதி அழுத்தும்போதே எரியும், முழுதாக அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். மாடிப்படியில் ஓர் எட்டு பார்க்க இதுதான் வசதி. மற்றது அழுத்தி விட்ட பிறகே எரியும். எரியும்போது பாதி அழுத்தி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டார்ச்சுகளுக்குப் பிந்தியதே பொருந்தும். பொத்தானுக்கு மேலே மழை நீர் இறங்காதபடி சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை வட்டமாக வெட்டி மூடிக்கு உள்பக்கம் வைத்துவிடலாம். மரையில் சிறிது சிலிக்கான் கிரீஸ் தடவினால் அங்குள்ள ரப்பர் வளையம் உலராது.

ஸ்பிரிங்கும் உப்புத்தாளும் பி.டி. ராஜன் சாலை, முனுசாமி சாலைப் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் விசாரித்தாலே போதும். சுவிட்ச்சுக்கும் போர்டுக்கும் அண்ணா சாலை ரிச்சி தெருவுக்குத்தான் போக வேண்டும். நரசிங்கபுரம் தெருவரை எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நெருக்கியடித்து நிற்கும் இடம். போகும்போது டார்ச்சின் பின்மூடியையும் பையில் போட்டுக்கொள்வது நல்லது. மில்லிமீட்டர் கணக்குச் சொல்லிக் கேட்டு வாங்கிய சுவிட்ச், வீட்டுக்கு வந்து பார்த்தால் மூடிக்குள் நுழையாமல் போகலாம். கடையிலேயே பொருத்திப் பார்த்துவிட்டால் இன்னொரு நடை மிச்சம்.