வீடு, மனை வாங்குவதில் வழக்கறிஞரின் பங்கு: செங்கல்பட்டு, மாமல்லபுரம் பகுதி

வீடு அல்லது மனை வாங்குபவருக்காகச் சொத்தின் உரிமை வரலாற்றை ஆராய்ந்து, அதை வாங்கலாமா கூடாதா என எழுத்து மூலம் கருத்துரை வழங்குவது வழக்கறிஞர் பணிகளுள் ஒன்றாகும். பேச்சு வழக்கில் இது ‘லீகல் பார்ப்பது’ எனப்படுகிறது. இங்கிலாந்தில் சொத்து மாற்றத்துக்கென்றே சொலிசிட்டர்கள் உள்ளனர். பணமும் பெரும்பாலும் அவர்கள் கணக்கு வழியாகவே கைமாறும். இலங்கையில் நொத்தாரிசு முன்னிலையில் உறுதி எழுதப்படுகிறது. தமிழ்நாட்டில் இந்த வேலை மூவரிடையே பிரிந்துள்ளது. பத்திரத்தைப் பெரும்பாலும் பத்திர எழுத்தர் எழுதுகிறார், சார்பதிவாளர் பதிவு செய்கிறார், உரிமை சரியா என்று வழக்கறிஞர் பார்க்கிறார். மூன்றாமவர் இல்லாமலும் பத்திரம் பதிவாகிவிடும் என்பதால் பலர் அவரை விட்டுவிடுகிறார்கள்.

பதிவு செய்தாலே சொத்து நமதாகிவிடாதா?

ஆகாது. 1908 ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி பதிவாவது ஆவணம்தான். இன்னார் இன்னாருக்கு விற்றதாக எழுதிக்கொடுத்தார் என்பதற்கே அது சான்று. விற்றவருக்கு விற்கும் உரிமை இருந்தது என்பதற்குச் சான்றன்று. அந்தக் காலத்தில் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில், பெற்றோர் சொன்ன பிறந்த தேதியை நாங்கள் அப்படியே எழுதிக்கொண்டதைப் போன்றது இது. தமிழ்நாட்டுப் பதிவு விதி 55-ஏ தொடர்பான வழக்கில் 2025 ஏப்ரல் 7 அன்று உச்ச நீதிமன்றம், விற்பவரின் உரிமையை விசாரிக்கும் அதிகாரத்தை 1908 சட்டம் பதிவு அலுவலருக்கு வழங்கவில்லை என்று கூறி, அவ்விதியின் உரிய பகுதியைச் செல்லாததாக்கியது. ஆக, அந்த விசாரணை வாங்குபவரின் பொறுப்பே. அதை அவர் சார்பில் செய்பவர்தான் வழக்கறிஞர்.

வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லையே, அது போதாதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுவே. வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள் மட்டுமே வரும். பதிவாகாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, கையெழுத்திடாத வாரிசு ஆகியவை அதில் தெரியா. தந்தைவழிப் பூர்வீகச் சொத்தில் மகள்களின் பங்கை 1989 ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தமும் 2005 ஆம் ஆண்டு மத்தியத் திருத்தமும் உறுதி செய்துள்ளன. அண்ணன் தம்பிகள் மட்டும் எழுதிக்கொடுத்த பத்திரத்தைக் கண்டால் வழக்கறிஞர் முதலில் கேட்பது, அந்த வீட்டில் பெண்கள் எத்தனை பேர் என்பதையே.

செங்கல்பட்டு மாவட்டத்தில் இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பஞ்சமி நிலத்தின் கதை தொடங்கியதே இங்குதான். செங்கல்பட்டு ஆட்சியராகப் பொறுப்பு வகித்த டிரெமன்ஹீர், இம்மாவட்டத்து ஒடுக்கப்பட்ட மக்கள் நிலமின்றி வாழும் நிலை குறித்து 1891 இல் அறிக்கை அளித்தார். அதன் தொடர்ச்சியாக 1892 இல் அரசு அவர்களுக்கு நிலம் ஒப்படைக்க ஆணையிட்டது. முதல் 10 ஆண்டுகள் விற்கக் கூடாது, அதன் பின்னரும் அதே பிரிவினருக்கே விற்க வேண்டும் என்பது ஒப்படைப்பின் நிபந்தனை. காலப்போக்கில் இந்நிலங்கள் பிறர் கைக்குப் போயின. காரணைக் கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரி 1994 இல் போராட்டம் நடந்தது. அவ்வாண்டு அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர்.

இத்தகைய நிலம் நான்கைந்து கை மாறி, ‘அழகிய மனைப்பிரிவு’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தால் வில்லங்கச் சான்றில் கிரயப் பத்திரங்கள் வரிசையாகத் தெரியும், நிபந்தனை தெரியாது. வருவாய்த் துறையின் பழைய ‘அ’ பதிவேட்டையும் ஒப்படைப்பு ஆவணங்களையும் பார்த்தால்தான் புரியும். நிபந்தனையை மீறிய விற்பனை செல்லாது. ஏமாந்து வாங்கியவருக்கு அது பண இழப்பு. நிலம் யாருக்காக ஒதுக்கப்பட்டதோ அவர்களுக்கு அது நூற்றாண்டுக் கால இழப்பு என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

கோயில், அறக்கட்டளை நிலங்களும் இப்படியே. நெம்மேலியைச் சேர்ந்த ஆளவந்தார் நாயக்கர் 1914 இல் உயில் எழுதிச் சமயப் பணிகளுக்கு விட்ட ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம், இன்றைய கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் கிராமங்களில் உள்ளது. நெம்மேலி கடல்நீர்க் குடிநீர் ஆலை அமைந்திருப்பதும் அந்த அறக்கட்டளை நிலத்தில்தான். 1959 ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின்படி, உரிய அனுமதியின்றிச் செய்யும் கோயில் நில விற்பனை செல்லாது. ஆகவே இப்பகுதியில் புல எண்ணைச் சொல்லி ‘இது அறநிலையத் துறைப் பட்டியலில் உள்ளதா’ என்று வழக்கறிஞரிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

உரிமை சரி, வீடு கட்டலாமா?

இது வேறு கேள்வி. மாமல்லபுரத்தில் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக்கட்டடம் கட்டத் தடை உள்ளது. அடுத்த 200 மீட்டருக்குள் கட்ட அனுமதி பெற வேண்டும். கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதங்களும் மட்டும் சின்னங்கள் என்று நினைக்கக் கூடாது. சாளுவன்குப்பத்துப் புலிக்குகை போல ஊருக்கு வெளியிலும் உள்ளன. கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும். இவ்விடங்களில் மனை வாங்கத் தடையில்லை என்பதால் பத்திரம் சிக்கலின்றிப் பதிவாகும்; செங்கல் வைக்கும்போதுதான் சிக்கல் தெரியவரும். தூரத்தை வழக்கறிஞர் அளக்க முடியாது, அதற்கு நில அளவையர் வேண்டும். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் உள்ளதா, 2016 அக்டோபர் 20 க்கு முந்தைய அங்கீகாரமற்ற மனையாயின் வரன்முறை செய்யப்பட்டதா என்பதையும் கேட்டுக்கொள்ளலாம்.

யாரை அமர்த்துவது?

விற்பவரிடமோ மனை விற்பனை நிறுவனத்திடமோ தொடர்பில்லாத ஒருவரை. எந்நேரமும் சொத்து விவகாரம் பார்க்கும் உள்ளூர் உரிமையியல் வழக்கறிஞராக இருந்தால் நல்லது. தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி வழக்கறிஞர் மன்றத்தில் அவர் பதிவு செய்திருக்க வேண்டும். வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்ய விதி இடந்தருவதில்லை. எனவே தெரிந்தவர்களிடம் விசாரிப்பதே வழி. வங்கி, கடனுக்காகத் தன் வழக்கறிஞரிடம் பெறும் கருத்துரை வங்கியின் பாதுகாப்புக்கானது. அதை நம் கருத்துரையாக எடுத்துக்கொள்வது சரியன்று.

என்னுடன் பணிபுரிந்த ஆசிரியர் ஒருவர், விற்பனையாளர் இலவசமாகக் கொடுத்த கருத்துரையின் நகலை நம்பிக் கடற்கரைச் சாலைக்கு மேற்கே மனை வாங்கினார். மகள் திருமணத்துக்காக அதை விற்கப் போனபோது, வாங்க வந்தவரின் வழக்கறிஞர் ஒரு இறப்புச் சான்றிதழைக் கண்டெடுத்தார். பொது அதிகாரப் பத்திரம் கொடுத்த நில உரிமையாளர், முகவர் கிரயம் எழுதிக்கொடுத்த நாளுக்கு எட்டு மாதம் முன்பே காலமாகியிருந்தார். அதிகாரம் கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அதிகாரமும் முடிந்துவிடும். விற்பனை நின்றது, வாரிசுகளைத் தேடி அவர் அலைந்த அலைச்சலை அருகிலிருந்து பார்த்தவன் நான். இப்போது முகவர் வழி விற்பனைக்கு உயிர்வாழ் சான்று கேட்கிறார்கள். இருப்பினும் அதிகாரம் கொடுத்தவரை நேரில் சந்தித்துவிடுவது மேல்.

கட்டணமும் காலமும்

அரசு நிர்ணயித்த கட்டணம் இல்லை. கருத்துரை மட்டுமா, பத்திர வரைவும் சேர்த்தா, பதிவு நாளில் உடன் வருவாரா என்பதை முதலிலேயே பேசி எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு என்று செலவாவதோடு ஒப்பிட்டால் வழக்கறிஞர் கட்டணம் பெரும்பாலும் சிறியதே.

முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அவரிடம் போக வேண்டும். மூலப்பத்திரங்கள், குறைந்தது 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம், வாரிசுச் சான்று ஆகியவற்றைக் கேட்பார். நகலைக் கொடுத்தாலும், அசல் பத்திரங்களை விற்பவர் கையில் ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும். அசல் ‘தொலைந்துவிட்டது’ என்றால் அது எங்காவது அடமானத்தில் இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். பதிவு முடிந்ததும் பட்டா நம் பெயருக்கு மாறியதா என்று பார்த்து, மாறாவிட்டால் வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.