ஒரு வட்டு பழுதானாலும்



தஞ்சோங் பகார் ரயில் நிலையம் 1932இல் திறக்கப்பட்டது; 2011இல் மூடப்பட்டது. தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்த தாத்தா அந்த வாசலில் நின்று எடுத்துக்கொண்ட படம் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அத்தகைய படங்களும் பிறப்புப் பத்திரங்களும் இன்று கணினி வட்டில் சேமிக்கப்படுகின்றன. ஆனால் வட்டும் ஒருநாள் பழுதாகும். அப்போது என்ன செய்வது?

பல வட்டுகளை ஒன்றுசேர்த்துக் காக்கும் முறைக்கு ‘ரெய்டு’ என்று பெயர். அமெரிக்காவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் ஆகிய மூவர் 1988இல் இதை விளக்கி எழுதினர்.

இதன் சூட்சுமம் நம் செக்ரோல் கணக்கில் இருக்கிறது. மூன்று பெண்கள் பறித்த கொழுந்து 18, 20, 16 கிலோ, மொத்தம் 54. நடுவிலுள்ள எண்ணைச் செல் அரித்துவிட்டால், 54இல் 18ஐயும் 16ஐயும் கழியுங்கள், 20 கிடைத்துவிடும். இரண்டு எண்கள் போய்விட்டால் இந்த ஒரு மொத்தம் போதாது. வேறு விதமான இரண்டாவது கணக்கும் வேண்டும்.

அந்தக் கணக்குக்கும் இடம் வேண்டுமல்லவா? 4 டெராபைட் வட்டுகள் நான்கு வாங்கினால் மொத்தம் 16. ஒரு வட்டின் இழப்பைத் தாங்க, நமக்குக் கிடைப்பது 12. இரண்டின் இழப்பைத் தாங்க, 8. இரண்டே வட்டு வைத்திருப்பவர்கள் ஒன்றின் நகலை மற்றதில் வைத்தால், 8 வாங்கி 4 பயன்படுத்தலாம். நான்கில் ஒன்று 2 டெராபைட் என்றால், பொதுவாக எல்லாமே 2 என்றே கணக்கிடப்படும். ஆகவே ஒரே அளவில் வாங்குங்கள்.

பழுதான வட்டை மாற்றியதும், புதியதை நிரப்பப் பல மணி நேரம், சில சமயம் நாட்கணக்கிலும் ஆகும். அதற்குள் இன்னொன்றும் பழுதானால், ஒரே கணக்கை நம்பியவர்களுக்கு எல்லாம் போய்விடும். பெரிய வட்டுகளுக்கு இரண்டு கணக்கு வைப்பதே நல்லது.

இன்னும் ஒன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறிடத்தில் பிரதி இல்லாத சுவடிகள் திரும்பவே இல்லை. ரெய்டு பெட்டியும் ஒரே கூரையின் கீழ்தான் இருக்கிறது. தீயோ, வெள்ளமோ, தவறுதலாக அழித்த ஒரு விரலோ போதும். எத்தனை வட்டு இருந்தும் பயனில்லை. எனவே ஒரு பிரதியை வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் வையுங்கள்.

தாத்தாவின் படம் ஒன்றுதான்; பிரதிகள் மட்டும் பலவாக இருக்கட்டும்.