கதீட்டர் சோதனைக்குப் பின் தொடையில் துடிக்கும் வீக்கம்

இருதயத்தின் இரத்தக் குழாய்களில் அடைப்பு உண்டா என்றறியவும், இருப்பின் அதனை விரித்துச் சீர்செய்யவும் கதீட்டர் எனும் மெல்லிய குழாயைத் தமனிக்குள் செலுத்துகின்றனர். சுவீடன் நாட்டு மருத்துவர் செல்டிங்கர் 1953இல் வெளியிட்ட முறையே இதற்கு அடிப்படை. ஊசியால் தமனியைத் துளைத்து, அதன் வழியே கம்பியை நுழைத்து, ஊசியை உருவியபின் கம்பியின் மேலாகக் குழாயைச் செலுத்துவதே அம்முறை. வேலை முடிந்ததும் குழாயை எடுத்துவிட்டுத் துளையின்மேல் அழுத்திப் பிடிப்பர். இரத்தம் உறைந்து துளை அடைபடும்.

ஆயினும் சிலருக்குத் தொடையின் மேற்பகுதியிலுள்ள அத்துளை சரிவர மூடுவதில்லை. கசியும் இரத்தம் அருகிலுள்ள தசைகளுக்கிடையே பைபோலத் தேங்கி, நாடியோடு சேர்ந்து துடிக்கும். தமனியின் சுவரே புடைத்து உண்டானதன்று. ஆதலால் இதனைப் போலித் தமனி வீக்கம் என்பர். குறுகிய கழுத்துடைய குடத்தைப் போன்றது அது.

முன்னாளில் இதற்குக் கத்திதான் வழி. இருதயம் நலிந்து, இரத்தம் உறையாதிருக்க மருந்துண்ணும் ஒருவருக்கு மற்றொரு அறுவை என்பது எத்துணைச் சுமை!

1991இல் அமெரிக்க மருத்துவர் ஃபெல்மெத்தும் அவருடைய குழுவினரும் வேறொரு வழியை வெளியிட்டனர். அல்ட்ராசவுண்ட் கருவியால் வீக்கத்தைப் பார்த்துக்கொண்டே, அதே கருவியால் அதன் கழுத்தை அழுத்திப் பிடிப்பது. உள்ளே ஓட்டம் நின்றால் இரத்தம் உறையும். பத்துப் பத்து நிமிடமாக, சில வேளை ஒரு மணி நேரத்துக்கும் மேல் அழுத்த வேண்டும். வலி மிகுதி, அழுத்துபவரின் கைக்கும் அது சோதனையே. உறைவைத் தடுக்கும் மருந்துண்போரிடம் இம்முறை பலமுறை தோற்றது.

இன்று பெரிதும் கையாளப்படுவது திராம்பின் ஊசி. இரத்தத்திலுள்ள ஃபைப்ரினோஜன் எனும் புரதத்தை இழைகளாக்கி உறையச் செய்யும் பொருளே திராம்பின். 1986இலேயே கோப், ஜீட் என்னும் மருத்துவர்கள் இத்தகைய வீக்கங்களில் அதனை ஊசிவழி செலுத்திக் காட்டியிருந்தனர். திரையில் பார்த்தபடி மெல்லிய ஊசியைப் பையினுள் நிறுத்திச் சிறிதளவு செலுத்தினால், பெரும்பாலும் சில நொடிகளில் துடிப்பு அடங்கும். உறைவைத் தடுக்கும் மருந்துண்போரிடத்தும் இது பயன் தருகிறது. மருந்து தமனிக்குள் புகுந்துவிட்டால் காலின் இரத்த ஓட்டமே அடைபடக் கூடும். ஆகையால் கழுத்திலிருந்து விலகியே ஊசியை வைப்பர்.

வலியற்ற சிறு வீக்கங்கள் பல தாமாகவே உறைந்துவிடும்; மருத்துவர் அவ்வப்போது பார்த்துவந்தால் போதும். அருகிலுள்ள சிரையோடு தமனி இணைந்துவிட்டால் திராம்பின் ஏற்றதன்று. அவ்விணைப்பும் சிறிதாயின் பலருக்குத் தானே மூடுகிறது. சில கிழிசல்களைத் தமனிக்குள்ளிருந்தே உறையிட்ட ஸ்டெண்ட் வைத்து அடைக்கின்றனர். வேகமாய்ப் பெருகும் வீக்கம், கிருமி தாக்கியது, மேல்தோல் நைந்தது, காலின் ஓட்டத்தைத் தடுப்பது ஆகியவற்றுக்கு இன்றும் அறுவையே வேண்டும்.

மான்ட்ரியாலைச் சேர்ந்த காம்போ 1989இல் அறிவித்தபின் மணிக்கட்டுத் தமனி வழியே சோதனை செய்வது பரவிற்று. எலும்பின்மேல் எளிதில் அழுத்த முடிவதால் அங்கு இத்தொல்லை மிகக் குறைவு.

வீடு திரும்பியவருக்குத் தொடையில் துடிக்கும் கட்டியோ, பெருகும் கன்றலோ தோன்றினால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எண்ணெய் தேய்ப்பதும், ஒத்தடமிட்டுப் பிசைவதும் வேண்டா. பயந்துபோய் இருதய மருந்துகளைத் தாமே நிறுத்துவதும் ஆபத்து. வைத்த ஸ்டெண்ட் அடைபடக் கூடும். கால் குளிர்ந்து வெளிறினாலும், முதுகுவலியோடு மயக்கம் வந்தாலும் காத்திராதீர்கள். துளையிலிருந்து இரத்தம் பீறிட்டால், நோயாளியை மல்லாந்து படுக்கவைத்து, அவ்விடத்தில் கையால் பலமாக அழுத்தியபடியே வண்டியை வரவழையுங்கள்.